இரண்டு எருமைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பட்டணத்துக்கு வெளியே, மறுநடவுக்காகக் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்ட ஒரு தோட்டத்துத் திடல். புல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. நாலைந்து பேர், மடக்கு நாற்காலிகள், பொட்டலத்தில் நாசி லெமாக். நண்பர் ஒருவர் தம் விமானத்தின் இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல மெல்ல உயர்த்துகிறார். மூக்கு ஒரு நூல் தாழ்கிறது. "சரியா இருக்காண்ணே?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? மூன்று வாரத்துக்கு முன்பும் இப்படித்தான் கேட்டார், நானும் சரி என்றேன். எட்டே வினாடியில் விமானம் தரையில் கிடந்தது.

அவர் கையில் இருப்பது பஃபலோ. அமெரிக்காவின் புரூஸ்டர் நிறுவனம் செய்த போர் விமானத்தின் மாதிரி, ஒன்பதில் ஒரு பங்கு அளவு. அசலுக்கு இறக்கையின் நீளம் 35 அடி, மாதிரிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர். அசலின் எடை போருக்குக் கிளம்பும்போது மூன்று டன்னுக்கு மேல். மாதிரி இப்போது பேட்டரியோடு சேர்த்து 1.8 கிலோ. கட்டையான உடல், பீப்பாய் வயிறு, மழுங்கிய மூக்கு. பஃபலோ என்று பெயர் வைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். தமிழில் சொன்னால் எருமை. எருமையை அறிந்தவன் அந்தப் பெயரைச் சண்டை விமானத்துக்கு வைத்திருக்க மாட்டான்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியதற்குக் காரணம் இடம். அசல் பஃபலோ 1942 ஜனவரியில் இதே ஜொகூர் வானத்தில் பறந்தது. சிங்கப்பூரின் காலாங், செம்பவாங் தளங்களிலிருந்து கிளம்பி ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் இரப்பர்க் காடுகளுக்கு மேலேதான் சண்டை. குளுவாங்கிலும் காஹாங்கிலும் பிரிட்டிஷார் அமைத்திருந்த ஓடுதளங்கள் அந்த மாதக் கடைசியில் ஜப்பானியர் கைக்குப் போயின. அன்று பால்வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் வாளியைப் போட்டுவிட்டு மரத்தடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த சண்டை அது. எங்கள் பாட்டி காலம் முழுக்க அதை "ஏரோப்ளான் சண்டை" என்றே சொன்னார். யார் யாரைச் சுட்டார்கள் என்பது அவருக்கு முக்கியமாக இருந்ததில்லை. சத்தம்தான் நினைவில் இருந்தது.

இரண்டு எருமைகளுக்கும் பொதுவான கதை ஒன்று உண்டு. இரண்டையும் முதலில் கனமாக்கினார்கள். பிறகு அதே கைகளால் இறக்கினார்கள்.

புரூஸ்டர் விமானம் அமெரிக்கக் கடற்படைக்காகப் பிறந்தது. 1937 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அந்தக் கடற்படை வாங்கிய முதல் ஒற்றை இறக்கைச் சண்டை விமானம் என்ற பெருமை அதற்கு உண்டு. முதல் வகையின் எடை 5,000 பவுண்டைச் சற்றே தாண்டியது. அந்த நிலையில் அது துடியான விமானம்தான். ஐரோப்பாவில் போர் மூண்டதும் பிரிட்டன் 170 விமானங்களைக் கேட்டது. கேட்டதோடு விடவில்லை. கப்பலில் இறங்குவதற்கான கொக்கியையும் உயிர்காக்கும் மிதவையையும் எடுக்கச் சொன்னது நியாயம். ஆனால் அந்த இடத்தில் ஏறியவை எத்தனை! விமானிக்குப் பின்னால் கவசத் தகடு, கண்ணாடிக்குக் குண்டு துளைக்காத தடுப்பு, துப்பாக்கியோடு ஓடும் கேமரா, பெரிய பேட்டரி, தீயணைப்புக் கருவி, பெரிய வால் சக்கரம். எஞ்சினோ 1,000 குதிரைத்திறன். அமெரிக்கக் கடற்படை தன் அடுத்த வகைக்கு 1,200 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொண்டது. பிரிட்டனுக்குப் போனவற்றில் பல எஞ்சின்கள் பயணி விமானங்களில் ஓடிக் களைத்துப் பழுது பார்க்கப்பட்டவை. ஐரோப்பாவுக்கு இது லாயக்கில்லை என்று சோதித்துப் பார்த்துத் தீர்மானித்த பிரிட்டிஷ் விமானப்படை, மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போதும் என்றது. பெட்டிகளில் கப்பலேறி வந்து சிங்கப்பூரில் பூட்டப்பட்டபோது இந்த விமானத்தின் எடை 6,800 பவுண்டு அளவு.

அதை ஓட்டியவர்கள் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் இளைஞர்கள். பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். சண்டை தொடங்கியதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது, எதிரியைப் பிடிக்க வேண்டுமானால் எருமை இளைக்க வேண்டும். கவசத் தகடு கழன்றது. கண்ணாடித் தடுப்பு, கேமரா, சில விமானங்களில் வானொலிக் கருவியும்கூடக் கழன்றன. அரை அங்குலத் துப்பாக்கிகள் நான்கையும் எடுத்துவிட்டு இலேசான .303 துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். எரிபொருளைக் குறைவாக நிரப்பினார்கள். எல்லாம் சேர்த்து 1,000 பவுண்டு வரை இறங்கியது. தன்னைக் காக்கும் தகட்டைத் தானே திருகாணி கழற்றி எடுக்கும் இருபது வயதுப் பையனை நினைத்துப் பார்க்க வேண்டும். மாற்றியமைப்பது என்பதற்கு இதைவிடக் கடுமையான பொருள் இருக்க முடியாது.

நண்பரின் எருமை கனத்த கதை இத்தனை கடுமையானது இல்லை. ஃபோமில் செய்த பழைய மாதிரி ஒன்றை ஜொகூர் பாருவில் ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். அப்போது எடை 1.5 கிலோ. இருந்தபடியே ஆடம்பரம் இல்லாமல் பறந்துகொண்டிருந்தது. விட்டாரா? விமானிக் கூண்டுக்குள் ஒரு பொம்மை விமானி வேண்டும் என்றார். அவருக்கு முன்னால் மீட்டர் பலகை வேண்டும். துப்பாக்கிக் குழல்கள், இறக்கை நுனியில் விளக்குகள், சக்கரம் உள்ளே மடங்கும் எந்திரம், மேலே மூன்று பூச்சுச் சாயம், எண்ணெய்க் கறைபோல ஆங்காங்கே கறுப்பு. வால் சக்கரத்தைத் திருப்ப வாலிலேயே தனி செர்வோ, அதாவது ஒரு குட்டி மோட்டார். கடைசியில் தராசில் 1.95 கிலோ. மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அந்தக் கோலத்தில் அதன் முதல் பறப்புதான் அந்த எட்டு வினாடி.

பார்த்தவுடன் நாங்கள் எல்லோரும் சொன்ன தீர்ப்பு, "கனம் அதிகம்." அந்தத் தீர்ப்பு தவறு. பெரிய எருமையின் நோயைச் சின்ன எருமையின் தலையில் கட்டிவிட்டோம். இந்த இடத்தில்தான் ஒப்பீடு எனக்கு ருசிக்கத் தொடங்கியது.

மாதிரி விமானக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. சண்டை விமான மாதிரி ஒழுங்காகப் பறக்க, ஒரு பவுண்டு எடைக்கு 100 வாட் மின்சக்தியாவது வேண்டும். விழுந்த அன்று நண்பரின் விமானம் நாலு பவுண்டுக்குச் சற்று மேல். மூன்று செல் பேட்டரியில் மோட்டார் இழுப்பது 400 வாட்டுக்குப் பக்கம். கணக்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அசல் பஃபலோவுக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? ஒரு குதிரைத்திறன் 746 வாட். 1,000 குதிரைத்திறனை 6,800 பவுண்டுக்குப் பகிர்ந்தால் பவுண்டுக்கு ஏறத்தாழ 110 வாட் வருகிறது! 1,000 பவுண்டு இறக்கிய பிறகு 129. காகிதத்தில் இரண்டு எருமைகளும் கிட்டத்தட்ட ஒரே பலம்.

ஆனால் களத்தில் அப்படி இல்லை. சின்னது விசையைத் தள்ளியதும் புல்லை விட்டுத் துள்ளும். பெரியது மலாயா வெயிலில் உயரம் பிடிக்கத் திணறியது. காரணம் வேகம். சக்தி என்பது இழுவிசையை வேகத்தால் பெருக்கி வருவது. அசல் பஃபலோ மணிக்கு 300 மைல் ஓட வேண்டிய விமானம். மாதிரி 60 மைல் ஓடினாலே பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். வேகம் ஐந்தில் ஒன்று என்றால், அதே வாட்டில் எடைக்குத் தகுந்த இழுவிசை ஐந்து மடங்கு. சின்ன விமானத்துக்குப் பலம் என்றைக்கும் உபரிதான். பஞ்சம் வருவது வேறு இடத்தில்.

எடையின் கணக்கிலும் இதே வேடிக்கை. அளவு ஒன்பதில் ஒன்றானால் இறக்கைப் பரப்பு 81-இல் ஒன்றாகும், கன அளவு 729-இல் ஒன்றாகும். மூன்று டன் எருமையை நேர்மையாகச் சுருக்கினால் மாதிரி நாலு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். நண்பர் ஏற்றிய அத்தனை அலங்காரத்துக்குப் பிறகும் அது இரண்டு கிலோவைத் தொடவில்லை. பெரியதில் இறக்கையின் ஒரு சதுர அடி 32 பவுண்டைத் தூக்கியது. சின்னதில் அதே ஒரு சதுர அடி ஒன்றரைப் பவுண்டைச் சற்றே தாண்டித் தூக்குகிறது. அதனால்தான் அசல் தரையிறங்க நெடுஞ்சாலைக் காரைவிட வேகமாக வர வேண்டியிருந்தது. மாதிரியோ சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாக வந்து புல்லில் உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியானால் எட்டு வினாடியில் விழுந்தது எதனால்?

கனம் இருந்த இடத்தால். வால் செர்வோ, வாலில் பூசிய சாயம், வால் சக்கரக் கம்பி. தனித்தனியே பார்த்தால் எல்லாம் பத்து கிராம், பதினைந்து கிராம். ஆனால் பஃபலோவுக்கு மூக்கு குட்டை. இறக்கையிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள தூரத்தைப்போல இரண்டு பங்குக்கு மேல் வால் நீண்டிருக்கிறது. வாலில் 10 கிராம் கூடினால் அதை நேர்செய்ய மூக்கில் 20 கிராமுக்கு மேல் ஈயம் வேண்டும். எடைகளெல்லாம் கூடித் தாங்கும் அந்தப் புள்ளியைப் பள்ளிக்கூடம் ஈர்ப்பு மையம் என்கிறது, திடலில் அதற்குப் பெயர் சிஜி. இந்த மாதிரிக்கு இறக்கையின் சராசரி அகலம் 20 சென்டிமீட்டர். முன்விளிம்பிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் சிஜி இருக்க வேண்டும். அன்று எட்டுக்கு மேல் போயிருந்தது. நண்பர் விரலில் தூக்கிப் பார்த்தார்தான். பேட்டரியைப் பொருத்தாமல் பார்த்தார். பிறகு அவசரத்தில் அதைக் கைக்கு எட்டிய பின்பக்கத்தில் செருகிவிட்டார். விமானம் எழும்பிய கணமே மூக்கை வானத்துக்கு நீட்டியது. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைக் கீழே தள்ளினால் குப்புறக் கவிழ்ந்தது, விட்டால் மறுபடி நிமிர்ந்தது. மூன்றாவது நிமிர்வில் வேகம் செத்து இடது இறக்கை சரிந்தது. சரளைக் கல்லில் விழுந்ததால் மூக்கு நசுங்கியது. பொம்மை விமானி மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரிய விமானத்தில் இந்தத் தவறு நேர்வது அபூர்வம். எடை எங்கே எத்தனை என்று தொழிற்சாலையிலேயே கணக்கிட்டு எழுதியிருப்பார்கள். துப்பாக்கியை எடுத்தால் என்ன ஆகும், தகட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கத் தளத்தில் பொறியாளர் இருப்பார். அசலின் துயரம் எவ்வளவு கனம் என்பதில் இருந்தது. மாதிரியின் துயரம் எங்கே கனம் என்பதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் அலங்காரங்களை மட்டும் கழற்றி எறிந்திருந்தால் நண்பர் அதே விமானத்தை இரண்டாவது முறையும் உடைத்திருப்பார். பொம்மை விமானி உட்கார்ந்திருந்தது சிஜிக்கு மேலேயே. அவரால் ஒரு கெடுதலும் இல்லை.

பெரிய எருமைக்கு எதிரே வந்தது நக்காஜிமா நிறுவனத்தின் ஹயபூசா. அதைக் கடற்படையின் ஸீரோ என்று தவறாக அடையாளம் கண்ட விமானிகள் பலர். ஹயபூசாவின் எஞ்சின் பஃபலோவினுடையதைவிடப் பலமானதல்ல, ஆயிரம் குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவுதான். எடையோ இரண்டு டன் அளவு, இறக்கைப் பரப்போ பஃபலோவைவிடக் கூடுதல். இரண்டே துப்பாக்கி, கவசம் கிடையாது. ஜப்பானியர் இலேசாக்கும் வேலையை வரைபலகையிலேயே முடித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் பக்கத்தில் அதை ஓடுதளத்தின் ஓரத்தில், குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே, ஸ்பேனரால் செய்ய வேண்டியிருந்தது. திருகாணி கழற்றி ஒரு விமானத்தின் பிறவிக் குணத்தை மாற்ற முடியாது என்பது என் எண்ணம். 1,000 பவுண்டு இறங்கிய பிறகும் எருமை ஹயபூசாவைவிட அரை டன்னுக்கு மேல் கனமாகவே இருந்தது.

ஆனால் எருமையை ஒரேயடியாக ஏசிவிடவும் முடியாது. இதே புரூஸ்டர் விமானத்தில் 44 எண்ணிக்கையைப் பின்லாந்து வாங்கியது. அவை தொடக்ககால இலேசு வகை. கடற்படைச் சாமான்கள் ஏறாதவை. எஞ்சின் எண்ணெய் கக்கும் நோய் அங்கேயும் வந்தது. பின்லாந்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் வளையத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அதைச் சரிசெய்தார்கள். அந்த விமானங்களை வைத்துச் சோவியத் விமானங்களை நூற்றுக்கணக்கில் வீழ்த்தியதாகப் பின்லாந்து விமானிகள் கணக்குக் காட்டினார்கள். பழகிய விமானிகள், குளிர்ந்த காற்று, இலேசான உடல். மலாயாவில் மூன்றும் இல்லை. வெயிலில் எஞ்சின் கொதித்தது, எண்ணெய் முன்கண்ணாடியில் தெறித்தது, உயரத்தில் எரிபொருள் அழுத்தம் குறைந்து எஞ்சின் இருமியது.

சூட்டில் மட்டும் சின்ன எருமையும் பெரிய எருமையும் பங்காளிகள். 33 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கும் 15 டிகிரிக் காற்றைவிட ஆறு சதவீத அளவு குறைவு. புரொப்பெல்லர் கடிக்கக் காற்று போதாது, இறக்கை தூக்கவும் காற்று போதாது. காருக்குள் வெயிலில் விட்டுவைத்தால் ஃபோம் இறக்கை முறுக்கிக்கொள்ளும், லித்தியம் பேட்டரி பலாச்சுளைபோல ஊதும். ஜொகூர்க்காரர்கள் காலை பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடுவது இதனால்தான். பிற்பகல் என்றால் இடி மழை. வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் திடல் வாரக்கணக்கில் சேறு.

காற்று இன்னொரு குறும்பும் செய்கிறது. சின்ன இறக்கைக்குக் காற்று பிசுபிசுப்பாகத் தெரியும், எறும்புக்குத் தண்ணீர் துளி பசைபோலத் தெரிவது மாதிரி. அதனால் அசல் இறக்கையின் வடிவத்தை அப்படியே சுருக்கினால் அது அசலைப்போல வேலை செய்யாது, சீக்கிரமே தூக்கும் பலத்தை இழந்துவிடும். தேர்ந்த மாதிரிக்காரர்கள் பின்இறக்கையை அளவுக்கு மீறிக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார்கள். நண்பருக்கு அதில் சம்மதமில்லை. "அசலில் அப்படி இல்லையே அண்ணே" என்பார். அசலுக்கு உண்மையாக இருப்பது என்பது படத்துக்கு உண்மையாக இருப்பதா, பறத்தலுக்கு உண்மையாக இருப்பதா? இந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

சோதனைப் பறப்புக்கு வருவோம். பெரிய விமானத்தைச் சோதிப்பவன் அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். இறக்கை பலம் இழக்கும் முன் ஏற்படும் நடுக்கம் அவன் இருக்கையில் ஏறும், எஞ்சினின் இருமல் காதில் விழும், எண்ணெய் வாசம் மூக்கில் ஏறும். நோய் முற்றுமுன் உடம்பு சொல்லிவிடும். மாதிரியைச் சோதிப்பவன் நூறு அடி தள்ளிப் புல்லில் நிற்கிறான். அவனுக்குக் கண் ஒன்றுதான். விமானம் நடுங்கியது தெரியாது, சரிந்தது மட்டும் தெரியும். செய்தி எப்போதும் தாமதமாகவே வரும். ஆகவே தரையில் நிற்பவன் செய்ய வேண்டிய சோதனையில் பாதி, விமானம் எழும்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பாதியைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும். பேட்டரி அதன் இடத்தில் இருக்கும்போதே சிஜி பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரோடு தள்ளிப் போய் நின்று ரிசீவர் பேச்சுக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கிறதா என்பதும் முக்கியம். பிறகு விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் எய்லெரான் மேலே எழ வேண்டும். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் செர்வோ வயரை இடம் மாற்றிச் செருகி, எய்லெரான் தலைகீழாக வேலை செய்து உடைந்த விமானங்களை ஒரு லாரியில் ஏற்றலாம். புரொப்பெல்லர் சுழற்சியால் ஓட்டத்தில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அசல் பஃபலோவும் அப்படித்தான் இழுத்தது, மருந்தும் ஒன்றே, வலது ரடர், அதாவது வால் சுக்கான். விசையை ஒரே தள்ளாகத் தள்ளினால் ரடர் பிடி பெறும் முன்பே விமானம் பக்கவாட்டில் ஓடிவிடும்.

எழும்பிய பிறகு வருவது பெரிய விமானி கனவிலும் காணாத சிக்கல். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். பதற்றத்தில் கை தவறும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் அது நிமிரும். மூளை யோசிக்காமல் கை இதைச் செய்யும்வரை புதியவன் சண்டை விமானத்தைத் தொடாமல் இருப்பது பணத்துக்கு நல்லது.

இன்னொன்று. மலாயா பஃபலோக்களுக்கு மேலே கரும்பச்சையும் மண்நிறமும் பூசியிருந்தார்கள். மேலிருந்து பார்க்கும் எதிரிக்குக் காட்டோடு காடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நண்பரும் அதே நிறம் பூசினார். அந்த நிறம் எண்பது ஆண்டு கழித்தும் தன் வேலையைச் செய்கிறது. விமானம் செம்பனை வரிசைக்கு முன்னால் தாழப் பறந்தால் சொந்தக்காரருக்கே தெரிவதில்லை! இப்போது இறக்கைக்கு அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. அசலில் அது கிடையாது. இதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்.

சக்கரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அசலில் அவை இறக்கைக்குள் போகாமல் உடலின் பக்கங்களுக்குள் மடங்கின, அந்தக் கால்கள் பலவீனமானவை என்ற புகாரும் இருந்தது. மாதிரியில் மடக்கும் எந்திரம் முதல் விபத்திலேயே போய்விட்டது. நண்பர் நிலையான கம்பிக் கால் போட்டுவிட்டார்.

விதிகளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மலேசியாவில் விமானப் போக்குவரத்து விதிகள் 2016-இன் கீழ், அனுமதி இல்லாமல் ஆளில்லா விமானத்தை 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது, விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் பறக்கவிடக்கூடாது. ஜொகூரில் சினாய் விமான நிலையம் ஒரு பக்கம், சிங்கப்பூர் மறுபக்கம், குளுவாங்கிலேயே தரைப்படையின் ஹெலிகாப்டர் தளம். இடம் பார்த்துத்தான் பறக்கவிட வேண்டும்.

இரண்டு எருமைகளையும் ஒப்பிடும்போது எனக்கு உறுத்துகிற வேறுபாடு ஒன்று உண்டு. சின்னது விழுந்தால் பசை, டேப், கொஞ்சம் வெட்கம். பெரியது விழுந்தபோது அதற்குள் ஒருவன் இருந்தான். கிழக்கே வந்த பஃபலோக்களில் அறுபதுக்கு மேல் வான்சண்டையில் வீழ்ந்தன, நாற்பது அளவு தரையிலேயே அழிந்தன, இருபது அளவு விபத்தில் போயின. 1942 ஜனவரி 26 அன்று எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியர் குளுவாங், காஹாங் தளங்களுக்கான சாமான்களை இறக்கியபோது, அவர்களைத் தாக்க சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்டவற்றில் பெரும்பாலானவை வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். பட்டப்பகலில் அனுப்பினார்கள். பஃபலோக்களும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஹரிக்கேன்களும் காவலுக்குப் போயின. போன வில்டபீஸ்ட்களில் ஏறத்தாழ பாதி திரும்பவில்லை. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, பிரிட்டிஷ் படை ஜொகூரை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கி, நீரிணைப் பாலத்தைத் தகர்த்தது. அதன் பிறகு தோட்டத்துத் தமிழர்களுக்கு நடந்தது நமக்குத் தெரியும். எத்தனையோ பேர் சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை.

அப்படிப்பட்ட விமானத்தை விளையாட்டுப் பொருளாக்குவது தகுமா என்று ஒருமுறை நண்பரைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதைச் செஞ்சு பாக்கலேன்னா எனக்கு எண்டாவ்ல என்ன நடந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காதுண்ணே. ஸ்கூல் புத்தகத்துல ரெண்டு வரிதான் இருந்துச்சு." அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இன்றைய காலைக்குத் திரும்புகிறேன். மூன்று வாரத்தில் அவர் செய்த மாற்றங்கள் சில. வால் செர்வோவை எடுத்து இறக்கைக்கு அடியில் வைத்து நீண்ட கம்பியால் வாலைத் திருப்புகிறார். மூக்கின் ஃபோமைக் குடைந்து பேட்டரியை எஞ்சின் மூடிக்குப் பின்னால் வரை முன்தள்ளினார். பாக்கிக்கு ஈயம் 85 கிராம், தூண்டில்கடையில் வாங்கியது. விளக்குகள் போயின. பொம்மை விமானி இருக்கிறார், நான் சிபாரிசு செய்தேன். எலிவேட்டர் அசைவைப் பாதியாகக் குறைத்து டிரான்ஸ்மிட்டரில் பதிந்திருக்கிறார்.

காற்றுக்கு எதிரே வைத்து விசையை மெல்லத் தள்ளினார். வால் முதலில் எழுந்தது. ஓட்டம் நேராக இருந்தது. பதினைந்து அடி ஓடி, யாரும் தூக்காமல் தானாக எழுந்தது. மூக்கு நிமிரவில்லை. உயரம் பிடித்து இரண்டு சுற்று வந்ததும் இடப்பக்கம் சற்றே சாய்கிறது என்று டிரான்ஸ்மிட்டரின் ட்ரிம்மில் மூன்று தட்டுத் தட்டினார். மேலேயே விசையைக் குறைத்து, எந்த வேகத்தில் பலம் இழக்கிறது என்று பார்த்தார். இடது இறக்கை சரிந்தது, கையை விட்டதும் தானே நிமிர்ந்தது. ஆறு நிமிடத்தில் இறக்கிவிட்டார். புல்லில் ஒரு துள்ளு துள்ளி மூக்குக் குத்தியபடி நின்றது, புரொப்பெல்லர் ஒன்று போயிற்று. கைதட்டினோம். நாசி லெமாக் ஆறிப்போயிருந்தது.

உலகத்தில் முழு உருவத்தோடு மிஞ்சியிருக்கும் புரூஸ்டர் பஃபலோ ஒன்றே ஒன்று. பின்லாந்தின் பிடபிள்யூ-372. அது 1998-இல் ரஷ்யாவின் ஏரி ஒன்றிலிருந்து மேலே எடுக்கப்பட்டு, இப்போது பின்லாந்தின் திக்காகோஸ்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஜொகூர் வானில் பறந்தவற்றில் அப்படி ஒன்றுகூட இல்லை.